வாசலில் நிற்கும் வாள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் தமிழின் தொன்மையைப் பற்றியோ, சங்க இலக்கியத்தின் சிறப்பைப் பற்றியோ பேசுவது நம்மிடையே வழக்கம். இவ்வாண்டு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. அது ஒரு வாள். போர்க்களத்தில் குருதி கண்ட வாள் அன்று. எவரையும் வெட்டாத வாள். தம்மைச் சகோதரர் என்று அழைத்துக்கொள்ளும் சங்கங்கள் தம் அடையாளமாக ஏந்தி வந்த அலங்கார வாள். அன்பைக் குறிக்க மலர் உண்டு, விளக்கு உண்டு, கோத்த கைகள் உண்டு. இவற்றை எல்லாம் விட்டுவிட்டு, வெட்டும் கருவியை ஏன் சகோதரத்துவத்தின் சின்னமாகக் கொண்டார்கள்? இந்தக் கேள்வி நமக்கும் உரியதே. பிழைப்பை நாடிப் பிற மாநிலம் வந்து, சங்கம் வைத்து வாழ்கின்றவர்கள் அல்லவா நாம்?

தலைவெட்டிக் கோயில்

ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் இந்நாட்டின் பெரிய ஊர்களிலும், பட்டாள முகாம்களிலும், ரயில்வே காலனிகளிலும் ஒரு கட்டடம் இருந்தது. வாரத்தின் பல நாட்கள் அது பூட்டிக் கிடக்கும். குறித்த ஒரு மாலையில் துரைமார்கள் வண்டியில் வந்து இறங்குவார்கள், கதவு சாத்தப்படும், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. வட இந்திய மக்கள் அதனை 'ஜாதூ கர்', அதாவது மாய வீடு என்றனர். நம் தமிழ் மக்களோ அதற்குத் 'தலைவெட்டிக் கோயில்' என்று பெயர் சூட்டினார்கள்! புதிதாகச் சேர வருபவனின் தலையை வாளால் வெட்டி எடுத்துவிட்டு, மீண்டும் ஒட்ட வைப்பார்கள் என்று பேசிக்கொண்டார்களாம். இஃது எம் கற்பனை அன்று. 1886-இல் யூல், பர்னெல் என்னும் இரு அறிஞர் வெளியிட்ட 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்னும் அகராதியிலேயே இப்பெயரும் காரணமும் பதிவாகி உள்ளன. பர்னெல் என்பவர் தஞ்சாவூரில் நீதிபதியாய் இருந்தவர். நம் மக்களின் பேச்சை அறிந்தவர்.

அக்கட்டடம்தான் ஃப்ரீமேசன் சங்கத்தாரின் 'லாட்ஜ்'. லாட்ஜ் என்றதும் நம்மவர்க்கு ரயில் நிலையத்தின் எதிரே உள்ள தங்கும் விடுதி நினைவுக்கு வரும். இது அதுவன்று. ஃப்ரீமேசன் சகோதரர்களின் கிளைச் சங்கத்திற்கு அப்பெயர்.

இச்சங்கத்தின் வேர் கொத்தனார்களிடம் உள்ளது. ஐரோப்பாவில் மாபெரும் கோயில்களைக் கட்டிய கல்வேலைக்காரர்கள் தமக்குள் கூட்டம் அமைத்துத் தொழில் இரகசியத்தையும் ஒழுக்கத்தையும் காத்துவந்தனர். நாளடைவில் அத்தொழிலைச் சாராத கனவான்களும் அக்கூட்டங்களில் சேர்ந்தனர். 1717 ஜூன் 24 அன்று லண்டனில் 4 லாட்ஜுகள் ஒன்றுகூடித் தலைமைச் சங்கம் ஒன்றை அமைத்தன. கொத்தனாரின் மூலைமட்டமும் கவராயமும் அவர்கள் சின்னங்கள் ஆயின. செயலை நேராக்கிக்கொள் என்பது மூலைமட்டம். ஆசைக்கு எல்லை வகுத்துக்கொள் என்பது கவராயம். உழைப்பாளியின் ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் பிரபுவும் அங்கே அமர வேண்டும்.

இவை யாவும் கட்டுகின்ற கருவிகள். வாள் ஒன்று மட்டுமே கட்டாத கருவி. அஃது அங்கே எப்படி வந்தது?

உறையில்லாத வாள்

லாட்ஜின் கதவுக்கு வெளியே ஒருவர் உருவிய வாளுடன் நிற்பார். அவருக்கு 'டைலர்' என்று பெயர். துணி தைப்பவர் என்று எண்ணிவிட வேண்டா. இவர் வாயில் காப்பவர். சங்கத்தைச் சேராதவர் உள்ளே நுழையாமலும், உள்ளே பேசுவது வெளியே கேளாமலும் பார்த்துக்கொள்வது இவர் கடமை. அந்த வாளுக்கு உறை இருத்தல் கூடாது என்பது பழைய மரபு. காவல் என்பது எந்நேரமும் விழித்திருக்க வேண்டியது. உறைக்குள் உறங்கும் வாள் காவல் காக்காது என்பது கருத்து. சில லாட்ஜுகளில் இந்த வாளின் அலகு நெருப்பு நாக்கைப்போல நெளிந்து நெளிந்து இருக்கும். ஆதாமும் ஏவாளும் ஏதேன் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்ட பின், அத்தோட்டத்து உயிர் மரத்தைக் காக்கக் கடவுள் சுடர்வாளை வைத்தார் என்று விவிலியம் கூறும் கதையை அது நினைவூட்டும்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. வாள் வெளியே நிற்கிறது. வெட்டும் கருவிக்குச் சகோதரர் அவையில் வேலை இல்லை. அக்காலத்து ஆங்கிலக் கனவான் இடுப்பில் வாளில்லாமல் வெளியே புறப்படமாட்டான். அப்படிப்பட்டவனும் லாட்ஜில் சேரும் நாளில், உடம்பிலுள்ள ஆயுதம், பொற்காசு முதலிய உலோகப் பொருள் அனைத்தையும் கழற்றி வைத்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும். செல்வனும் வறியவனும் அந்த ஒரு நொடியில் ஒன்று.

பிரான்சு நாட்டிலோ இதற்கு நேர்மாறான வழக்கம் தோன்றியது. அங்கே வாள் கட்டும் உரிமை பிரபு குலத்தார்க்கே உரியது. ஆகவே 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு லாட்ஜுகளில் வணிகன், எழுத்தன், பிரபு எல்லோருமே வாள் கட்டிக்கொண்டு அமர்ந்தார்கள். தெருவில் வாளேந்தினால் தண்டனை பெறக்கூடியவனும் சகோதரர் நடுவே வாள் கட்டிய பெருமகன் ஆனான். ஓரிடத்தில் வாளைக் கழற்றி வைப்பதால் சமத்துவம். மற்றோரிடத்தில் எல்லோர்க்கும் வாள் கொடுப்பதால் சமத்துவம். வழிகள் இரண்டு, சென்று சேரும் ஊர் ஒன்றே.

போர்வாள் பொதுவாள் ஆயிற்று

லண்டன் தலைமைச் சங்கத்தில் ஒரு வாள் உண்டு. தலைவர் அவைக்கு வரும்போது அவர்முன் அதனை ஏந்திச் செல்வார்கள். அந்த வாளின் வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டு மன்னன் கஸ்டவஸ் அடால்ஃபஸ் என்பவனுக்கு உரியதாய் இருந்தது அது. அவன் 1632-இல் லுட்சன் போர்க்களத்தில் மாண்டான். அவனுக்குப்பின் அதே போரில் தளபதியாய் நின்ற பெர்னார்டு கோமகனின் கைக்கு வந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், சங்கத்தின் தலைவராய் இருந்த நார்ஃபோக் பிரபு 1731-இல் அதனைச் சங்கத்திற்குக் கொடையாக அளித்தார். அரசரின் வாட்கொல்லராகிய ஜார்ஜ் மூடி என்னும் சகோதரர் உறைக்கு வெள்ளி வேலைப்பாடு செய்து கொடுத்தார்; அவரே அதனை ஏந்திச் செல்லும் முதல் அலுவலரும் ஆனார். ஐரோப்பாவைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரில் சுழன்ற வாள், சமாதானக் கூட்டத்தில் அமைதியாய்ப் படுத்திருக்கும் நிலையை எய்தியது. வாளுக்கும் ஓய்வு உண்டு போலும்!

அமெரிக்காவில் இவ்வழக்கம் பெருந்தொழிலாகவே வளர்ந்தது. அங்கே 1861 முதல் 1865 வரை அண்ணன் தம்பியர் எதிரெதிர் நின்று உள்நாட்டுப் போர் புரிந்தனர். அப்போரின் நடுவிலேயே, 1864-இல், வாஷிங்டன் நகரில் 'பிதியஸ் வீரர்கள்' என்னும் நட்புச் சங்கம் தோன்றியது. பகை கொண்ட நாட்டை நட்பினால் ஒட்டவேண்டும் என்பது அதன் நோக்கம். அதன் பெயருக்குக் காரணம் ஒரு பழங்கதை. கொலைத்தண்டனை பெற்ற பிதியஸ் வீட்டிற்குச் சென்று வர விடை கேட்டான். அவன் திரும்பும் வரை அவன் தலைக்கு ஈடாகத் தன் தலையை வைத்தான் தோழன் டாமன். சொன்ன நேரத்தில் பிதியஸ் திரும்பி வர, கொடுங்கோலனும் மனம் இளகி இருவரையும் விட்டான் என்பது கதை. இதனைக் கேட்கும்போது, ஒருவரை ஒருவர் காணாமலே நட்புப் பூண்டு, வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நம் நினைவுக்கு வராமல் இருப்பாரா?

போர் முடிந்தபின் அச்சங்கத்தாரும், ஃப்ரீமேசன்களுள் டெம்ப்ளர் வீரர் என்னும் பிரிவினரும், பிறரும் சீருடை அணிந்து வாளேந்தி அணிவகுத்தார்கள். அரசாங்கத்திற்குப் போர்வாள் செய்து கொடுத்த மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஏம்ஸ் கம்பெனியார் சகோதரச் சங்கங்களுக்கும் அலங்கார வாள் செய்து கொடுத்தனர். அந்த வாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். பிடியின் உச்சியில் தலைக்கவசம் அணிந்த வீரனின் தலை. கைப்பிடி தந்தத்தாலோ எலும்பாலோ கருமரத்தாலோ ஆனது. அதன்மேல் சங்கத்தின் சின்னம். குறுக்குக் காவல் சிலுவை வடிவம். அலகின்மேல் பூங்கொடிகள் செதுக்கப்பட்டு, அவற்றின் நடுவே உரியவரின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பிதியஸ் சங்கத்தாரின் சின்னத்தில் நட்பு, ஈகை, நன்மை என்னும் மூன்று சொற்களின் முதலெழுத்துக்கள் விளங்கும். அலகுக்குக் கூர் ஏற்றுவதில்லை. கத்தரிக்காய் நறுக்கவும் அது உதவாது. பாங்கு மேலாளரும் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இத்தகைய வாளைத் தாங்கித் தெருவில் நடந்தார்கள்.

பின்னர் அந்தச் சங்கங்களிற் பல மெலிந்தன. பிள்ளைகள் தந்தையர் வழியே சங்கத்திற்கு வரவில்லை. இன்று அவ்வாட்கள் பழம்பொருள் கடைகளில் விலைக்குக் கிடக்கின்றன. அலகில் பெயர் உண்டு; பெயருக்கு உரியவரை அறிவார் இல்லை. சங்கம் வைத்திருப்போர் எல்லோரும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டிய காட்சி இது. சின்னம் நிலைத்தது; சகோதரம் போய்விட்டது.

நம் மரபில் வாள்

வாளைச் சிறப்பித்தல் நமக்கும் புதிதன்று. அரசனின் வாளைப் புகழ்ந்து வாழ்த்துவதனை 'வாள் மங்கலம்' என்று தொல்காப்பியர் ஒரு துறையாகவே வகுத்தார். ஆயுத பூசை நாளில் பட்டறைத் தொழிலாளி சுத்தியலுக்கும் திருகிக்கும் சந்தனம் பூசுகிறார். அலுவலகத்தில் எம்போன்றோர் பேனாவுக்கும் பதிவேட்டுக்கும் பொட்டு வைக்கிறோம். அந்த வழிபாட்டின் மூலமும் போர்க்கருவி வழிபாடே.

ஆயினும் அலங்கார வாளைப் பற்றி நம் முன்னோர்க்கு ஓர் எள்ளலும் இருந்தது. ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டு மின்னின கருவிகள். அவற்றைப் புகழ்வார் போல் தொடங்கிய ஔவை, எம் அரசனின் கருவிகளோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் உலையில் கிடக்கின்றன என்றார். பளபளக்கும் வாள் உழைக்காத வாள் என்பது அந்தச் சொல்லின் உட்பொருள்.

இன்னொரு காட்சியும் புறநானூற்றில் உண்டு. முரசினை நீராட்டக் கொண்டு சென்ற நேரத்தில், களைப்பால் முரசுகட்டிலில் ஏறி உறங்கிவிட்டார் மோசிகீரனார் என்னும் புலவர். அக்கட்டிலில் ஏறியவனை வாளால் இரு கூறாக்குதல் அந்நாளைய வழக்கு. வந்து பார்த்த சேரமான் வாளை ஓங்கவில்லை, விசிறியை எடுத்தான். உறங்கும் புலவருக்கு மன்னன் கவரி வீசினான். எம் கருத்தில், சகோதரத்துவத்தின் வாள் என்று ஒன்று உண்டு எனில் அது சேரமான் உறையிலிருந்து எடுக்காத அந்த வாள்தான்.

நம் காலத்திலும் தமிழகத்து மேடைகளில் தலைவர்க்கு வெள்ளியாலான வீரவாள் வழங்கும் வழக்கம் நிலைத்துள்ளது. அறிஞர் அண்ணா தம் தொண்டர்க்குக் கடிதம் எழுதியபோது 'தம்பி' என்றார்; கலைஞர் 'உடன்பிறப்பே' என்றார். அண்ணன் தம்பி உறவும் அலங்கார வாளும் ஒரே மேடையில் கூடுகின்ற வழக்கம் நம்மிடமும் உண்டு என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டோம். அரசியல் பேசுதல் எம் நோக்கம் அன்று. அந்த வாளை உயர்த்தி ஒருமுறை காட்டிவிட்டுப் பேழையில் வைத்துவிடுகிறார்கள். அதன்பின் அந்த உறவு என்ன ஆகிறது என்பதே கேள்வி.

கதவு திறந்ததா?

அன்பர்களே! இனி நாம் கேட்க வேண்டிய கடுமையான கேள்விக்கு வருவோம். வாசலில் வாளை நிறுத்தி, உள்ளே எல்லோரும் சகோதரர் என்று சொன்னவர்கள், நம் நாட்டு மக்களைச் சகோதரர் என்று ஏற்றார்களா?

முதற்சான்று நம் திருச்சிராப்பள்ளியில் உள்ளது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மூத்த மகன் உம்தத் உல் உமரா 1770-களில் திருச்சியில் ஃப்ரீமேசனாகச் சேர்க்கப்பட்டார். செய்தி லண்டனுக்கு எட்டியதும் தலைமைச் சங்கத்தார் பெருமகிழ்ச்சி கொண்டு, வாழ்த்து மடலும் அழகிய ஏப்ரனும் விதி நூலும் அனுப்பினர். அவர் பாரசீக மொழியில் நன்றி மடல் எழுதிப் பொன்னிழைத் துணியில் சுற்றி அனுப்பினார். எவ்வளவு இனிய தொடக்கம்!

முடிவைக் கேளுங்கள். 1795-இல் அவர் நவாப் ஆனார். 1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் மாண்டார். அங்கே அகப்பட்ட தாள்களைக் காட்டி, நவாபும் அவர் தந்தையும் திப்புவோடு மறைவாக உறவாடினர் என்று கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றம் சாட்டினர். 1801 ஜூலையில் உம்தத் உல் உமரா இறந்தார். அவர் மகன் கம்பெனியார் நீட்டிய ஒப்பந்தத்திற்கு இணங்கவில்லை. உடனே வேறோர் உறவினரைப் பெயரளவுக்கு நவாப் ஆக்கி, அதே மாத இறுதிக்குள் ஆற்காட்டு ராஜ்யத்தின் ஆட்சியைக் கம்பெனியார் எடுத்துக்கொண்டனர். லாட்ஜுக்குள் 'சகோதரா' என்ற குரல், கோட்டைக்குள் 'கையெழுத்திடு' என்று மாறிற்று. பகைவர் கூப்பிய கைக்குள்ளும் ஆயுதம் மறைந்திருக்கும் என்று வள்ளுவர் கூடாநட்பைப் பற்றி எச்சரித்தது வீண்போகவில்லை.

பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்னும் பார்சிப் பெரியவர் சேர விரும்பியபோது உள்ளூர் லாட்ஜ் மறுத்தது. அவர் பாரிஸ் வரை சென்று சேர வேண்டியதாயிற்று. பிறகு 1843-இல் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இந்தியரும் சேரத்தக்க லாட்ஜ் ஒன்றைப் பம்பாயில் நிறுவினார். கல்கத்தாவிலோ இந்துக்களைச் சேர்க்கலாமா என்று நெடுங்காலம் வழக்காடினார்கள். பல தெய்வங்களை வணங்குகிறார்கள் என்பது ஒரு தடை. உடனிருந்து உண்ணாத சாதிக்காரன் எப்படிச் சகோதரன் ஆவான் என்பது மற்றொரு தடை. பிரசன்ன குமார் தத்தர் என்னும் வங்காளி விடாது போராடி 1872-இல் உள்ளே நுழைந்தார். முதல் தடைக்கு நம்மவர் எளிதில் விடை சொல்லிவிட்டனர், கடவுள் ஒன்றே என்று. இரண்டாவது தடை நம்மைச் சுடுகிறது. அதனை நம்மேல் சாட்டியவர்கள் நிறவெறி கொண்டவர்களாகவே இருக்கட்டும். சாட்டிய குற்றம் பொய்யா?

இதே வலியை வேறொருவரும் எழுதி வைத்தார். ஆங்கிலக் கவிஞர் கிப்ளிங் 1886-இல் லாகூரில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தார். அந்த லாட்ஜை எண்ணி அவர் பாடிய பாட்டில் நம் ரயில்வே சகோதரர்களும் இடம்பெறுகிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் வருகிறார். வெளியே பதவிக்கேற்ற சலாம். உள்ளே எல்லோரும் சமம் என்று மகிழ்கிறார் கவிஞர். ஆனால் அந்தச் சகோதரர்கள் ஒன்றாக அமர்ந்து விருந்து உண்ணவில்லை. யாரேனும் ஒருவருடைய சாதி கெட்டுவிடுமே என்னும் தயக்கம். வாள் வாசலில் நின்றது. ஆனால் சோற்றுத் தட்டின் நடுவே கண்ணுக்குத் தெரியாத மற்றொரு வாள் கிடந்தது!

பெண்களின் நிலையோ இன்னும் தாழ்வு. சகோதரர் என்றால் ஆண்களே என்று கதவைச் சாத்திவிட்டனர். ஆணும் பெண்ணும் சமமாய் அமரும் தனிப்பிரிவு பிரான்சில் தோன்ற, அன்னி பெசண்ட் அம்மையார் 1902-இல் அதில் சேர்ந்து, பின்னர் இந்தியாவிற்கும் அதனைக் கொணர்ந்தார்.

விடுதலைக்குப்பின், 1961 நவம்பர் 24 அன்று இந்தியாவிற்கெனத் தனித் தலைமைச் சங்கம் புதுதில்லியில் நிறுவப்பட்டது. ராம்பூர் நவாப் முதல் தலைவர் ஆனார். கீதையும் குர்ஆனும் விவிலியமும் பிற மறைகளும் ஒரே பீடத்தில் வைக்கப்படுகின்றன. சென்னையில் எதிராஜ் சாலையில் அவர்களுடைய மண்டபம் உள்ளது. வாசலில் வாள் இன்றும் உண்டு. அதன் முன்னே வருவோர் நிறம் மாறிவிட்டது. இதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பிடித்தன.

உள்வட்டம், வெளிவட்டம்

நாம் வாழும் ஒயிட்ஃபீல்டும் ஒரு சங்கத்தின் பிள்ளையே. ஆங்கிலேயர் தம்மவர் என்று ஏற்காத, இந்தியரும் தம்மவர் என்று ஏற்காத யூரேசியரும் ஆங்கிலோ இந்தியரும் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். 1882-இல் மைசூர் மன்னர் சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் நிலம் அளித்தார். சங்கத்தை நிறுவிய ஒயிட் என்பாரின் பெயரே ஊருக்கும் ஆயிற்று. வட்டமாகத் தெரு வகுத்து வீடு கட்டினார்கள். உள்வட்டம், வெளிவட்டம் என்ற பெயர்களில் அத்தெருக்கள் இன்றும் உள்ளன.

அதற்கும் முன்பே, 1864-இல், ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு ரயில் பாதை வந்தது. அப்பாதை வழியே நம் முன்னோர் பலர் வந்தனர். பின்னர் ஐ.டி. கம்பெனிகள் வந்தன, 2023-இல் மெட்ரோ ரயிலும் வந்தது. கணினி வல்லுநரும் எழுத்தரும் ஆசிரியரும் ஒரு சங்கத்தில் கூடுகிறோம். நம் பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்றுத் தருகிறோம், பொங்கல் வைக்கிறோம், விழா எடுக்கிறோம். பெருமைக்குரிய செயல்களே.

ஆயினும் நம் சங்கத்திற்கு வாசல் உண்டா? உண்டு. அங்கே யார் நிற்கிறார்?

சிலர் மனத்துள் கேட்கலாம்: "நாம் எவரையும் விலக்கவில்லையே! பேர் கொடுத்துச் சந்தா கட்டினால் யாரும் சேரலாமே!" உண்மை. விதியில் தடை இல்லை. ஆனால் இக்காலனியைச் சுற்றி எழும் அடுக்குமாடிகளுக்குச் செங்கல் சுமக்கத் தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து தகரக் கொட்டகையில் வாழும் தமிழர் இருக்கிறார்கள். நம் வீடுகளில் பாத்திரம் துலக்கும் தமிழ்த் தாய்மார் இருக்கிறார்கள். அவர்களும் ஓசூர் தாண்டி வந்தவர்களே. அவர்களில் எத்தனை பேர் இன்று இப்பந்தலில் அமர்ந்துள்ளனர்? எவரும் வாளோங்கித் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி அவர்களே விலகி நிற்கிறார்கள். இதுவே வெளிவட்டம்.

ஃப்ரீமேசன்களின் குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை நாம் கற்க வேண்டும். வாசலில் வாளேந்தி நிற்கும் டைலர் கூலிக்கு வைத்த வெளியாள் அல்லர். அவரும் முறையாகச் சேர்ந்த சகோதரரே. பல லாட்ஜுகளில், முன்பு தலைவராய் வீற்றிருந்த மூத்தவரே இப்பணியை மேற்கொள்கிறார். நேற்று நடுநாயகமாய் அமர்ந்தவர் இன்று கதவுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே விருந்துக்கு அமரும்போது அவருக்கும் இலை உண்டு. அந்த வாளின் அணிகலன்கள் அனைத்திலும் சிறந்தது இம்மரபே என்பது எம் துணிபு. பிடியிலுள்ள வீரன் தலையும் அலகிலுள்ள பூங்கொடியும் தட்டானின் திறமை. வாசலில் நிற்பவனும் சகோதரனே என்பதுதான் சகோதரத்துவம்.

நம் காலனி வாயிலில் நிற்கும் காவலர்களுள் தமிழரும் உண்டு, கன்னடரும் உண்டு. இங்கே பாட்டு ஒலிக்கும்போது, நாற்காலியில் அமர்ந்து தொலைவிலிருந்தே கேட்கிறார்கள். விழா முடிந்தபின் எஞ்சிய உணவைப் பொட்டலம் கட்டி அவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறோம். கொடுப்பது நன்றே, ஆனால் மிஞ்சியதைக் கொடுத்தல் ஈகையே தவிர உறவு ஆகாது.

மண்ணின் மக்களாகிய கன்னடச் சகோதரர்களைப் பற்றியும் ஒரு சொல். இந்நகரில் தமிழர்க்கும் கன்னடர்க்கும் இடையே வாள் உருவப்பட்ட நாட்களும் உண்டு. 1991-இல் காவிரியை ஒட்டி நிகழ்ந்த துயரை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பட வேண்டிய திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்டு 9 அன்று இரு மாநில முதல்வர்களும் ஒரே மேடையில் நிற்க அது திறக்கப்பட்டது. நான்கு நாட்கள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. வாளுக்கு வாள் கொடுத்திருந்தால் அந்தத் திரை இன்னும் விலகியிராது. கவிக்குக் கவி கொடுத்ததால் விலகியது.

ஆகவே, செயற்குழுவின்முன் மூன்று விண்ணப்பங்களைப் பணிவுடன் வைக்கிறோம்.

முதலாவது, அடுத்த ஆண்டு விழாவில் வாயிற்காவலைச் சங்க உறுப்பினர்களே மணிக்கொருவராக ஏற்போம். தலைவரும் செயலாளரும் முதல் மணியை ஏற்கட்டும். எம் பெயரையும் எழுதிக்கொள்க. அந்நேரத்தில் காவலரும் அவர் குடும்பத்தாரும் முன்வரிசையில் அமர்ந்து நிகழ்ச்சி காணட்டும்.

இரண்டாவது, விருந்தின் முதற்பந்தியில் சமைத்தவர்களும், பந்தல் கட்டியவர்களும், கொட்டகைத் தமிழரும், அண்டை வீட்டுக் கன்னடரும் நம்மோடு அமரட்டும். கல்கத்தாக்காரர் நம்மேல் சுமத்திய பழியை வாழை இலையின்மேல் துடைத்துவிடுவோம்.

மூன்றாவது, சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் தமிழோடு கன்னட எழுத்தும் கற்பிப்போம். கொட்டகைப் பிள்ளைகளுக்கு அவ்வகுப்பில் கட்டணம் வேண்டா. நம் பிள்ளைகள் அவர்கள் அருகிலேயே அமரட்டும்.

இவற்றிற்குச் செலவு மிகுதி இல்லை, மனம்தான் வேண்டும். வெள்ளி வாள் செய்து பேழையில் வைப்பதைக் காட்டிலும் இவை எளியவை, அதனினும் அரியவை. ஔவையார் இன்று வந்து நம் சங்கத்தின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்தால், பீலி சூட்டிய வெறும் அழகைக் காணக்கூடாது. உழைத்து முனை தேய்ந்த கருவிகளையே காண வேண்டும். நம் கருவிகள் கரும்பலகையும், அகப்பையும், விரித்த பாயும், திறந்த கதவும் ஆகுக.

 வாழ்க தமிழ்! வாழ்க கன்னட நாடு! வளர்க நம் சங்கம்!